பாவப்பொறுத்தல்: ஊற்றும் மதகும்

மதக் கோட்பாடுகளை ஆராயப் புகுவோர் பெரும்பாலும் இரண்டு வழிகளில் ஒன்றையே கைக்கொள்வர். கோட்பாடு காலத்தைக் கடந்தது, மனிதர் கைபடாதது என்று கொண்டு அதன்முன் தலைவணங்கி நிற்பது ஒரு வழி. அது குருமார் கட்டிவிட்ட கதை என்று ஒரே வாக்கியத்தில் ஒதுக்கித் தள்ளுவது மற்றொரு வழி. முற்போக்குச் சிந்தனையாளர் எனத் தம்மைக் கருதுவோருட் பலர் இரண்டாவது வழியையே விரும்புகின்றனர். ஆயினும் ஒரு விடயத்தில் இரு சாராரும் ஒத்தவரே. வரலாற்றைக் கற்கும் சிரமத்தை இருவருமே தவிர்த்துக்கொள்கின்றனர்.

கத்தோலிக்க சமயத்தின் பாவப்பொறுத்தற் கோட்பாட்டை இவ்விரு வழிகளையும் விடுத்து நோக்குதல் பயனுடையதாகும். மனிதன் செய்த பிழையைப் பொறுக்கும் அதிகாரம் எங்கிருந்து பிறக்கிறது? அது யார் கையில் இருக்கிறது? அதற்கு விலை உண்டா? பிழைக்கு ஆளானவனுக்கு அதில் என்ன பங்கு? இக்கேள்விகள் தேவாலயத்தின் சுவர்களுக்குள் மட்டும் எழுந்தவை அல்ல. சிறைக்கூடத்திலும், அரசவையிலும், சந்தைக் கடையிலும், அடிமைகள் உழைத்த சுரங்கத்திலும் அவை எழுந்தன. எழுந்த இடத்துக்கு ஏற்ப விடைகளும் மாறின. அம்மாற்றத்தின் முக்கியமான கட்டங்களை இக்கட்டுரையில் நோக்குவோம்.

கோட்பாடு கூறுவது

முதலிற் கோட்பாட்டை அதன் சொந்த மொழியில் விளங்கிக்கொள்வோம். பாவத்தைப் பொறுப்பவர் இறைவன் ஒருவரே என்பது கத்தோலிக்க திருச்சபையின் உறுதியான போதனை. திமிர்வாதக்காரனின் பாவம் மன்னிக்கப்பட்டதென யேசு கூறியபோது, இறைவனையன்றி வேறு யார் இதைச் செய்யவல்லார் என்று வேதபாரகர் முணுமுணுத்ததாக மாற்கு சுவிசேஷம் கூறுகின்றது. அக்கேள்வியின் அடிப்படையைத் திருச்சபை மறுக்கவில்லை. யேசு இறைவனே என்பதுதான் அதற்கு அது அளிக்கும் மறுமொழி. 1547ஆம் ஆண்டில் திரெந்துப் பொதுச்சங்கம் இதனைத் தத்துவப் பள்ளிகளின் முறையில் வகுத்துரைத்தது. மனிதன் நீதிமானாக்கப்படுவதற்குச் செயற்காரணம் இறைவனின் இரக்கம். அதனைச் சம்பாதித்துத் தந்த காரணம் கிறிஸ்துவின் பாடுகள். கருவிக் காரணம் ஞானஸ்நானம். 1992ஆம் ஆண்டில் வெளியான திருச்சபையின் மறைக்கல்வி ஏடும் இதே நிலைப்பாட்டையே கூறுகின்றது.

ஆகவே ஊற்று எது என்பதிற் கோட்பாட்டளவிற் சந்தேகம் இல்லை. அது இறைவனின் இரக்கம்; விலையின்றிப் பாய்வது. ஆனால் ஊற்று எது என்பது தெளிவாகிவிட்டதால் வயலுக்கு நீர் வந்துவிடுவதில்லை. பரலோகத்தின் திறவுகோல்கள் இராயப்பரிடம் ஒப்படைக்கப்பட்டன என்று மத்தேயு சுவிசேஷம் கூறுகின்றது. பாவங்களைப் பொறுக்கவும் பொறாதுவிடவும் சீடர்களுக்கு அதிகாரம் அளிக்கப்பட்டது என்று அருளப்பர் சுவிசேஷம் கூறுகின்றது. திறவுகோல் என்ற சொல் வந்தவுடன் கதவு என்ற ஒன்றும், அதைக் காப்பவர் என்ற ஒருவரும் வந்துவிடுகின்றனர். குளத்து நீர் எல்லோருக்கும் உரியது என்று ஏற்றுக்கொண்ட ஊரிலும் மதகை யார் திறப்பது என்பதிலேதான் சண்டை மூளும். பாவப்பொறுத்தலின் வரலாறும் அத்தகையதே. ஊற்றைப் பற்றிய தகராறு சிறிது. மதகைப் பற்றிய தகராறு மிகப் பெரிது.

கார்த்தேஜ் நகரத்துத் தகராறு

அத்தகராற்றின் முதலாவது பெருங்கட்டம் கி.பி. 3ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வட ஆபிரிக்காவில் நிகழ்ந்தது. எல்லைப் போர்களாலும் நாணயச் சீர்கேட்டாலும் தளர்ந்திருந்த உரோமப் பேரரசை ஒன்றுபடுத்த விரும்பிய தேசியஸ் சக்கரவர்த்தி, குடிகள் யாவரும் தேவர்களுக்குப் பலியிட வேண்டும் என்று ஆணையிட்டார். 250ஆம் ஆண்டில் அவ்வாணை எங்கும் நடைமுறைக்கு வந்தது. பலியிட்டவருக்கு அதிகாரிகள் அத்தாட்சிச் சீட்டு வழங்கினர். அத்தகைய சீட்டுகள் நாற்பதுக்கு மேற்பட்டவை எகிப்தின் மணலிலிருந்து இன்றைக்குக் கிடைத்துள்ளன.

கிறிஸ்தவருட் பெருந்தொகையினர் அஞ்சிப் பலியிட்டனர். வேறு சிலர் பலியிடாமலே கைக்கூலி கொடுத்துச் சீட்டுப் பெற்றனர். சிலர் மறுத்துச் சிறை சென்றனர், சித்திரவதைக்கு உள்ளாயினர். ஆபத்துத் தணியத் தொடங்கியதும் தவறியோர் மீண்டும் சபைக்குள் வர விரும்பினர். அவர்களை மன்னிப்பது யார்?

கார்த்தேஜ் நகரில் சிறையிலிருந்த விசுவாச வீரர்கள் தாமே மன்னிப்புக் கடிதங்களை வழங்கத் தொடங்கினர். துன்பத்தை அனுபவித்தவனுக்கே துணிவிழந்தவனைப் பொறுக்கும் உரிமை உண்டு என்பது அவர்களது எண்ணம். அந்நகரின் மேற்றிராணியார் சிப்பிரியான் செல்வக்குடியிற் பிறந்தவர். கலாபத்தின்போது மறைந்திருந்து கடித மூலம் சபையை நடத்தியவர். ஒருவரது பெயரைக் குறித்து, ‘இவரும் இவரைச் சேர்ந்தோரும்’ என்ற தோரணையில் எழுதப்பட்ட கடிதங்களைக் கண்டு அவர் கலங்கினார். ஒரு கடிதத்தின் நிழலில் இருபது முப்பது பேர் உள்ளே நுழையலாம் அல்லவா? மன்னிப்பு மலிந்தால் ஒழுங்கு குலையும் என்பது அவரது வாதம். அவ்வாதத்தில் உண்மை இருந்தது. அத்தோடு, அதிகாரம் தம் கையிலிருந்து நழுவுகின்றது என்ற அச்சமும் அதில் இருந்தது.

251ஆம் ஆண்டில் கூடிய ஆபிரிக்க மேற்றிராணிமாரின் சங்கம் நடுவழியைக் கண்டது. சீட்டு மட்டும் பெற்றோர் தனித்தனியே விசாரிக்கப்பட்டுச் சேர்த்துக்கொள்ளப்படலாம். பலியிட்டோர் நெடிய தவத்தின் பின் மரணத்தறுவாயில் மட்டுமே சேர்க்கப்படுவர். அதே ஆண்டில் உரோமாபுரியில் நொவேசியன் என்பவர், இத்தகைய பாவத்தைப் பொறுக்கும் உரிமை இறைவனுக்கே உண்டு, சபைக்கு இல்லை என்று கூறிப் பிரிந்து சென்றார். ஒரு பக்கம் சிறையிலிருந்த வீரர். மறுபக்கம் மன்னியாத தூயோர். இருவருக்கும் நடுவே மேற்றிராணியாரின் ஆசனம் உறுதிப்பட்டது. சிப்பிரியானும் பின்னர், 258ஆம் ஆண்டில், தம் விசுவாசத்துக்காகத் தலையைக் கொடுத்தார் என்பதையும் குறிப்பிடுவது நியாயம்.

மதகு கையில் வந்தபின், அதைத் திறப்பவர் கெட்டவராயின் என்செய்வது என்ற கேள்வி தொடர்ந்தது. தியோக்கிளேசியன் காலத்துக் கலாபத்தில் வேத நூல்களைக் காட்டிக்கொடுத்த குருமார் நடத்தும் சடங்குகள் செல்லா என்று வட ஆபிரிக்காவிற் பெரும் இயக்கம் ஒன்று கிளர்ந்தது. அதன் தலைவர் தொனாத்துஸ். நுமிதியாவின் கிராமப்புறங்களில் அது வேரூன்றியிருந்தது. அதனைச் சார்ந்து திரிந்த கூட்டத்தார் நிலவுடைமையாளரையும் கடன் கொடுத்தோரையும் அச்சுறுத்தினர் என்று அவர்களுடைய எதிரிகளே எழுதிவைத்துள்ளனர். மதச் சண்டையின் உள்ளே நிலச் சண்டையும் இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

இவ்வியக்கத்தை எதிர்த்த அகுஸ்தீனார் அளித்த விடை கத்தோலிக்க சிந்தனையில் நிலைத்துவிட்டது. அருள் கிறிஸ்துவினுடையது, குருவினுடையது அன்று. கல்லாலான வாய்க்காலூடாக நீர் பாய்கையிற் கல்லில் எதுவும் முளைப்பதில்லையாயினும் அப்பாலுள்ள பாத்திகள் செழிக்கின்றன என்ற கருத்துப்பட அவர் விளக்கினார். இவ்விடை இருபுறமும் கூரான கத்தி போன்றது. எளிய விசுவாசி தன் குருவின் ஒழுக்கத்தை எண்ணி அஞ்சவேண்டிய தேவை இல்லாமற் போனது. அதேவேளை, ஒழுக்கங்கெட்ட குருவின் அதிகாரமும் பாதுகாக்கப்பட்டது. 411ஆம் ஆண்டில் கார்த்தேஜில் நடந்த விவாதத்தின் பின் தொனாத்துஸின் வழிவந்தோர் மீது அரசாங்கம் அபராதமும் பறிமுதலும் விதித்தது.

பாவத்துக்கு அளவுகோல்

ஆதித் திருச்சபையில் தவம் பகிரங்கமானது. கொலை, விபசாரம், விசுவாச மறுப்பு ஆகிய பெரும்பாவங்களைச் செய்தோர் சபையார் காணத் தவக்கோலம் பூண்டு ஆண்டுக்கணக்காகக் காத்திருந்தனர். ஞானஸ்நானத்தின் பின் அத்தகைய மன்னிப்பு வாழ்நாளில் ஒரு தடவையே கிடைத்தது. இம்முறையில் ஒரு சமத்துவம் இருந்தது. தெசலோனிக்கேயா நகரிற் படையினரை ஏவி மக்களைப் படுகொலை செய்வித்த தெயதோசியஸ் சக்கரவர்த்தியை, 390ஆம் ஆண்டில் மிலான் நகர மேற்றிராணியார் அம்புரோசியார் தவம் செய்வித்தார். அரச சின்னங்களைக் களைந்து ஒரு சக்கரவர்த்தி ஆலயத்தில் அழுது நின்றமை சிறிய காரியம் அன்று. ஆயினும் கடுமை மிகுந்த இம்முறையைப் பலர் மரணப்படுக்கை வரை ஒத்திவைத்தனர். நாளடைவில் அது வழக்கொழிந்தது.

புதிய முறை ஒன்று மேற்கே அயர்லாந்தின் மடங்களிலிருந்து வந்தது. 6ஆம் நூற்றாண்டின் இறுதியிற் கொலும்பானுஸ் என்ற துறவி தம் தோழருடன் கோல் நாட்டுக்கு வந்தார். அவர்கள் கொணர்ந்தது இரகசியமானதும் திரும்பத்திரும்பச் செய்யக்கூடியதுமான பாவசங்கீர்த்தனம். அதற்கு உதவியாகத் தவ ஏடுகள் எழுதப்பட்டன. இன்ன பாவத்துக்கு இத்தனை நாள் அப்பமும் நீரும் மட்டுமே உணவு என்று அவை அட்டவணையிட்டன. 589ஆம் ஆண்டில் தொலேதோ நகரத்துச் சங்கம் இத்தகைய புதுவழக்கத்தைக் கண்டித்தது. ஆயினும் அது பரவுவதை எவராலும் தடுக்க இயலவில்லை.

ஏன்? அக்காலச் சமுதாய அமைப்பே அதற்கு விடை. ஜெர்மானிய, கெல்திய குலங்களின் சட்டத்தில் ஒவ்வொரு குற்றத்துக்கும், கொல்லப்பட்டவனின் அந்தஸ்துக்கு ஏற்ப, ஈட்டுத்தொகை வரையறுக்கப்பட்டிருந்தது. பூமியின் நீதி அட்டவணையாக இருந்தபோது விண்ணுலக நீதியும் அட்டவணையாயிற்று. இதில் நன்மையும் இருந்தது. கொலும்பானுஸின் ஏட்டின்படி, கொலை செய்தவன் பல்லாண்டு நாடுகடந்து வாழ்ந்தபின் திரும்பிவந்து, கொல்லப்பட்டவனின் பெற்றோருக்கு மகன் ஸ்தானத்தில் நின்று தொண்டு செய்யவேண்டும். இறைவனிடம் பெறும் மன்னிப்பு, இழந்தவன் வீட்டு வாசலைக் கடந்தே செல்லவேண்டும் என்ற உயரிய எண்ணம் அதில் உண்டு.

ஆனால் எண்ணிக் கணக்கிடக்கூடிய எதனையும் மாற்றிக்கொள்ளவும் முடியும். நெடிய உண்ணாநோன்புக்குப் பதிலாகச் சங்கீதங்களை ஓதலாம்; ஓதத் தெரியாதவன் பணம் கொடுக்கலாம்; செல்வன் தனக்காக வேறொருவனை நோன்பிருக்கச் செய்யலாம். 10ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துக்குரிய ஓர் ஏடு, பிரபு ஒருவன் ஏழாண்டு நோன்பை மூன்று நாளில் முடிக்கும் வழியை விவரிக்கின்றது. முதலிற் பன்னிரண்டு பேர். பின் நூற்றிருபது பேர் வீதம் ஏழு தடவை. எல்லோரும் மூன்று நாள் நோன்பிருந்தால் ஏழாண்டின் நாட்கள் கணக்கிற் சேர்ந்துவிடும். ஏவலாளர் பலரை உடையவனுக்குப் பாவம் இலேசு. ஏவலாளனுக்கோ தன் பாவத்தோடு தலைவனின் பாவமும் சுமை. நிலமானிய அமைப்பின் உறவு இதைவிடத் துலாம்பரமாக வேறெங்கும் எழுதப்பட்டிருக்குமோ என்பது சந்தேகமே. திருச்சபைக்குள்ளேயே இதற்கு எதிர்ப்பு எழுந்தது. 747ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் குளோவெஷோ சங்கம் பிறரைக் கொண்டு நோன்பிருக்கும் செல்வரைக் கண்டித்தது. 829ஆம் ஆண்டிற் பாரிஸ் சங்கம் தவ ஏடுகளைத் தேடி எரிக்கும்படி பணித்தது. ஏடுகள் எரிந்தன, வழக்கம் எரியவில்லை.

நீதிபதியின் ஆசனம்

12ஆம் நூற்றாண்டில் நகரங்கள் வளர்ந்தன, கல்விக்கூடங்கள் தோன்றின. கணக்கிடும் தவத்தை விட்டு மனிதனின் உள்நோக்கத்தை ஆராயும் சிந்தனை எழுந்தது. உள்ளம் நொந்து வருந்துவதே பாவப்பொறுத்தலைக் கொணர்கின்றது என்று அபெலார் வற்புறுத்தினார். குரு, இறைவன் ஏற்கனவே பொறுத்ததை அறிவிப்பவரே என்று லொம்பார்து பேதுரு எழுதினார். பாவத்தைக் குருவிடம் வெளியிடுவது அவசியமா, அன்றி மனவருத்தமே போதுமா என்ற வினாவுக்கு இருபக்க ஆதாரங்களையும் தொகுத்த கிரேஷியன், 1140ஆம் ஆண்டளவில், முடிவை வாசகரின் தீர்ப்புக்கே விட்டுவிட்டார். திருச்சபைச் சட்டத்தின் மூலநூல் ஒன்று இவ்வாறு வாசலைத் திறந்து வைத்திருந்தது என்பது இன்று பலருக்கு வியப்பளிக்கலாம்.

அவ்வாசல் நெடுநாள் திறந்திருக்கவில்லை. 1215ஆம் ஆண்டில், மூன்றாம் இன்னசென்ற் பாப்பரசரின் தலைமையிற் கூடிய நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம், விவேக வயதடைந்த ஆண் பெண் யாவரும் ஆண்டுக்கு ஒரு தடவையாவது தம் பங்குக் குருவிடம் பாவசங்கீர்த்தனம் செய்யவேண்டும் என்று விதித்தது. கேட்டதை வெளியிடும் குருவுக்கு வாழ்நாள் முழுவதும் மடத்திற் கடுந்தவம் என்ற தண்டனையையும் அதே விதி கூறியது. எளியவனின் இரகசியத்தைக் காத்த விதி அது. எளியவனின் உள்ளத்துக்குள் ஆண்டுதோறும் அதிகாரம் நுழைய வழி செய்த விதியும் அதுவே. தென் பிரான்சில் மாற்றுக் கொள்கையினர் மீது அப்போது சிலுவைப்போர் நடந்துகொண்டிருந்தது என்பதை இதனோடு சேர்த்து நோக்கவேண்டும்.

சொல்லும் மாறியது. முன்னர், இறைவன் உன்னைப் பொறுத்தருள்வாராக என்று குரு மன்றாடுவதே பெருவழக்கு. 13ஆம் நூற்றாண்டில், நான் உன்னை விடுவிக்கிறேன் என்ற தன்மை வாக்கியம் அதன் இடத்தைப் பெற்றது. தோமஸ் அக்குவினாஸ் அதற்கு ஆதரவாகத் தனி நூலே எழுதினார். குரு வெறும் அறிவிப்பாளர் அல்லர், இறைவனின் கையிலுள்ள கருவி. ஊற்று இறைவனே ஆயினும் கருவியும் உண்மையாகவே வினைபுரிகின்றது என்பது அவரது விளக்கம். மன்றாடுவோர் இருந்த இடத்தில் நீதிபதி அமர்ந்தார். 1551ஆம் ஆண்டில் திரெந்துச் சங்கம் இந்நீதிபதி நிலையை உறுதிப்படுத்தியது. ஆனால் அதற்குள் ஐரோப்பா இரண்டாகிவிட்டது.

பொக்கிஷமும் வங்கியும்

நம் கத்தோலிக்க மக்கள் ‘பலன்’ என்று வழங்குவதும், சரித்திர பாடநூல்களிற் ‘பாவமன்னிப்புச் சீட்டு’ என்று கூறப்படுவதும் ஒன்றே. கோட்பாட்டின்படி அது பாவத்தைப் பொறுப்பதன்று. பாவம் பொறுக்கப்பட்ட பின்னும் எஞ்சி நிற்கும் தண்டனையைக் குறைப்பதே அது. இவ்வேறுபாட்டை ஒதுக்கிவிட்டு எழுதுவது நேர்மையன்று. ஆயினும் சந்தையில் நின்ற குடியானவனுக்கு இவ்வேறுபாட்டை யார் விளக்கினர் என்பதும் நேர்மையான கேள்வியே.

1095ஆம் ஆண்டிற் கிளெர்மொன் நகரில் இரண்டாம் உர்பான் பாப்பரசர் சிலுவைப்போருக்குச் செல்வோருக்கு அப்பயணமே முழுத் தவமாகும் என்று அறிவித்தார். 1300ஆம் ஆண்டில் எட்டாம் பொனிபாசியார் உரோமாபுரி வரும் யாத்திரிகருக்கு யூபிலிப் பலனை வழங்கினார். 1343ஆம் ஆண்டில் ஆறாம் கிளெமென்ற் இதற்குரிய தத்துவத்தை வகுத்தார். கிறிஸ்துவினதும் அர்ச்சிஷ்டவர்களினதும் புண்ணியங்கள் குறையாத பொக்கிஷமாகச் சேர்ந்துள்ளன. அதைப் பகிர்ந்தளிக்கும் பொறுப்பு இராயப்பரின் வாரிசுகளுடையது. 1476ஆம் ஆண்டில் நான்காம் சிக்ஸ்துஸ் உத்தரிக்கிற ஸ்தலத்து ஆன்மாக்களுக்கும் அதன் பயனை நீட்டினார். இப்போது இறந்தோரும் வாடிக்கையாளர் ஆயினர். ஊற்று பொக்கிஷமாகியது, மதகு காப்பவர் பொக்கிஷதாரர் ஆனார். இத்தாலிய நகரங்களில் வங்கித் தொழில் செழித்த நூற்றாண்டுகளிலேயே இம்மொழி பிறந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

ஐரோப்பாவில் அசையும் எழுத்துக்களால் அச்சிடப்பட்டவற்றுள், ஆண்டு குறிக்கப்பட்ட மிகப் பழையவை 1454ஆம் ஆண்டின் பலன் சீட்டுகளே. சைப்பிரஸ் தீவின் பாதுகாப்புக்கு நிதி திரட்ட அவை மைன்ஸ் நகரில் அச்சாயின. பெறுவோர் பெயருக்கு வெற்றிடம் விடப்பட்டிருந்தது.

1514ஆம் ஆண்டிற் பிராண்டன்பேர்க் அல்பிரெக்ற் என்ற இருபத்துநாலு வயதுப் பிரபு, ஏற்கனவே வேறு இரு மறைமாவட்டங்களை வைத்திருந்தபோதிலும், மைன்ஸ் நகரின் அதிமேற்றிராணியாரானார். அதற்காக உரோமாபுரிக்குச் செலுத்தவேண்டிய பெருந்தொகையை அவுக்ஸ்பேர்க் நகரத்து புக்கர் வங்கியிற் கடனாகப் பெற்றார். கடனை அடைக்க ஒரு வழி கண்டனர். இராயப்பர் ஆலயக் கட்டடத்துக்கென அறிவிக்கப்பட்ட பலனை அவரது பிரதேசத்தில் விற்பது. வருவதிற் பாதி ஆலயத்துக்கு, பாதி வங்கிக்கு. அதற்கென வெளியிடப்பட்ட அறிவுறுத்தலில் விலைப்பட்டியல் இருந்தது. அரசரும் மேற்றிராணிமாரும் 25 பொற்காசு; மடாதிபதிகளும் கோமான்களும் 10; வர்த்தகர் 3; கைவினைஞர் 1. ஏழைகளுக்கு மன்றாட்டும் நோன்பும் போதும். ஏழைக்கு இலவசம் என்ற இறுதி வரி கோட்பாட்டின் மனச்சாட்சி; மற்றைய வரிகள் வங்கியின் கணக்கு. போதகர் தெற்செலுடன் புக்கர் வங்கியின் முகவரும் சென்றார்.

1517ஆம் ஆண்டு ஒக்டோபர் 31ஆந் தேதி விற்றென்பேர்க் நகரத்து ஆசிரியர் மார்ட்டின் லூதர் 95 முடிபுரைகளை அல்பிரெக்றுக்கு அனுப்பினார். அவற்றுட் கூரியவை சாதாரண மக்களின் கேள்விகளாகவே அமைந்தன. பாப்பரசருக்கு ஆன்மாக்களை விடுவிக்கும் வல்லமை உண்டெனில், பணத்துக்காக அன்றி அன்புக்காக எல்லோரையும் ஏன் விடுவிக்கலாகாது? பெருஞ்செல்வரான அவர் தம் பணத்தில் ஆலயத்தைக் கட்டலாகாதா? இக்கேள்விகளின் பலம் எங்கிருந்து வந்தது? ஊற்று விலையற்றது என்ற பழைய கோட்பாட்டிலிருந்தே வந்தது.

ஆயினும் லூதரையும் அவர் காலத்தில் வைத்தே மதிப்பிடவேண்டும். இறைவனின் மன்னிப்பு விசுவாசியை நேரே அடையும் என்ற போதனையைக் கேட்ட ஜெர்மன் குடியானவர், 1524-1525இல் வரிக்கும் அடிமைத்தனத்துக்கும் எதிராகக் கிளர்ந்தெழுந்தபோது, அவர்களை ஈவிரக்கமின்றி ஒடுக்கும்படி அவர் பிரபுக்களைத் தூண்டி எழுதினார். ஏறத்தாழ ஓர் இலட்சம் குடியானவர் மாண்டனர் என்று மதிப்பிடப்படுகின்றது. ஆன்மாவின் விடுதலைக்குச் சம்மதித்தவர் வயலின் விடுதலைக்குச் சம்மதிக்கவில்லை. திருச்சபையும் தன்பங்கிற்குத் திருந்த முயன்றது. 1563ஆம் ஆண்டில் திரெந்துச் சங்கம் பலன் வழியாக வரும் இழிந்த ஆதாயங்களை ஒழிக்கக் கட்டளையிட்டது. 1567ஆம் ஆண்டில் ஐந்தாம் பத்திநாதர் பணத்தோடு தொடர்புடைய பலன்களை இரத்துச் செய்தார்.

கவர்ந்ததைத் திருப்பிக் கொடு

பாடநூல்கள் பொதுவாக லூதரோடு இக்கதையை முடித்துவிடுகின்றன. நமக்கு அதனினும் முக்கியமான நிகழ்ச்சி அதே காலத்தில் அத்திலாந்திக் சமுத்திரத்துக்கு அப்பால் நடந்தது.

அகுஸ்தீனார் தம் கடிதம் ஒன்றில், கவர்ந்த பொருளைத் திருப்பிக் கொடுக்கக்கூடியவன் அதைக் கொடுக்காதவரை அவன் பாவம் பொறுக்கப்படாது என்ற கருத்தை எழுதினார். அது திருச்சபைச் சட்டத்தில் ஒரு விதியாகவே நிலைபெற்றது. ஊற்று இறைவனுடையதுதான்; ஆனால் பறிகொடுத்தவனைத் தாண்டிக் குறுக்குவழியாக அங்கே செல்ல இயலாது. விதி ஏட்டில் இருந்தது. அதைப் பெருங்கொள்ளைக்காரர் மீது பிரயோகிக்கத் துணிந்தோர் சிலரே.

1511ஆம் ஆண்டில் இஸ்பானியோலாத் தீவில் மொந்தேசினோஸ் என்ற டொமினிக்கத் துறவி, ஸ்பானியக் குடியேறிகளைப் பார்த்து, சுதேச மக்களைக் கொன்று உழைப்பைச் சுரண்டும் உங்களுக்கு மீட்சி இல்லை என்ற கருத்திற் பிரசங்கித்தார். சுதேசிகளை அடிமைகொண்டோருக்குப் பாவப்பொறுத்தல் அளிக்க டொமினிக்கர் மறுத்தனர். அவ்வாறு மறுக்கப்பட்டவருள் ஒருவர், தாமே ஒரு குருவும் பண்ணையாளருமாக இருந்த பர்த்தொலொமே தெ லாஸ் காசாஸ். 1514ஆம் ஆண்டில் அவர் தம்மிடம் ஒப்படைக்கப்பட்டிருந்த சுதேசிகளைக் கைவிட்டு அவர்களுக்காகப் போராடத் தொடங்கினார். சுதேசிகளின் துயர் நீங்க ஆபிரிக்க அடிமைகளைக் கொணரலாம் என்று ஆரம்பத்தில் ஆலோசனை கூறிய பெருந்தவறும் அவருடையதே. பிற்காலத்தில் அதற்காக அவர் வருந்தி எழுதினார்.

1545ஆம் ஆண்டிற் சியாப்பா மறைமாவட்டத்தின் மேற்றிராணியாராக வந்த அவர், அடிமைகளை விடுவிக்காத எவருக்கும் பாவப்பொறுத்தல் அளிக்கலாகாது என்று பணித்தார். நகரத்து ஸ்பானியர் கொதித்தெழுந்தனர். அவர் பின்வாங்கவில்லை. பாவசங்கீர்த்தனம் கேட்கும் குருமாருக்கென விதிகளை எழுதினார். படையெடுப்பிற் பொருள் சேர்த்தவன், பாவத்தைச் சொல்லத் தொடங்குமுன்பே, தன் உடைமை முழுவதையும் பறிகொடுத்தோருக்குத் திருப்பித்தரக் குருவுக்கு அதிகாரம் அளித்து, நொத்தாரிசின் முன்னிலையிற் சாசனம் எழுதவேண்டும். மனைவி மக்களுக்கென எதையும் ஒளித்துவைக்க இயலாது. 1548ஆம் ஆண்டில் அவ்விதிகளின் பிரதிகளைக் கைப்பற்றும்படி அரச ஆணை பிறந்தது. 1552ஆம் ஆண்டில் அவர் அவற்றைச் செவிய்யா நகரில் அச்சிட்டார்.

இங்கே மதகு முதன்முறையாக ஏழையின் பக்கம் நின்று அடைக்கப்பட்டது. விலை கேட்கப்பட்டது உண்மை. ஆனால் அவ்விலை ஆலயத்துக்கோ வங்கிக்கோ உரியதன்று, உழைத்தவனுக்கு உரியது. பேரரசு ஒன்று ஒரு பாவசங்கீர்த்தனக் கைந்நூலைக் கண்டு அஞ்சியதன் இரகசியம் இதுவே.

நம் நாடும் நம் காலமும்

இவ்வரலாற்றில் தமிழுக்கும் ஓர் இடம் உண்டு. முத்துக்குளித்துறையிலும் மன்னாரிலும் பணிபுரிந்த யேசுசபைக் குரு அன்றிக்கே அன்றிக்கஸ் 1578ஆம் ஆண்டிற் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்ற நூலைத் தமிழ் எழுத்தில் அச்சிட்டார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1580இல், கொச்சியில் அவர் அச்சிட்ட நூல் பாவசங்கீர்த்தனத்துக்கு வழிகாட்டும் ‘கொம்பெசியோனாயரு’. ஐரோப்பிய அச்சின் தொடக்கத்திற் பலன் சீட்டு நிற்பதுபோல் தமிழ் அச்சின் தொடக்கத்திற் பாவசங்கீர்த்தன நூல் நிற்கின்றது. போர்த்துக்கேயரின் பீரங்கி நிழலில் வந்த மதம் கடலோர உழைப்பாளியின் மனச்சாட்சியை அவனது சொந்த மொழியில் விசாரிக்க முற்பட்டது. அதனால் அவன் மொழிக்கு அச்செழுத்துக் கிடைத்தது. வரலாறு நன்மையையும் தீமையையும் ஒரே கப்பலில் ஏற்றிவருவது புதிதன்று.

20ஆம் நூற்றாண்டில் மாற்றங்கள் விரைந்தன. 1967ஆம் ஆண்டில் ஆறாம் சின்னப்பர் பாப்பரசர் பலன்களை நாள், ஆண்டு என்று அளக்கும் முறையை நீக்கினார். அயர்லாந்துத் தவ ஏடுகளின் நிழல் அன்றுதான் மறைந்தது எனலாம். 1973ஆம் ஆண்டின் புதிய சடங்கு முறை, பலர் ஒன்றுகூடித் தவம் செய்யும் வழிபாட்டுக்கு இடமளித்தது. 1968ஆம் ஆண்டில் மெதெயின் நகரிற் கூடிய இலத்தீன் அமெரிக்க மேற்றிராணிமார், வறுமையையும் அநீதியான அமைப்புகளையும் பாவத்தின் மொழியிலேயே கண்டித்தனர். பாவம் தனியொருவனின் உள்ளத்தில் மட்டும் குடியிருப்பதன்று. நிலவுரிமையிலும் கூலி முறையிலும் குடியிருக்கிறது என்பது இதன் பொருள். அவ்வாறாயின் அதற்குப் பாவசங்கீர்த்தனம் செய்வது யார்? பரிகாரம் எது?

2000ஆம் ஆண்டு மார்ச் 12ஆந் தேதி இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் திருச்சபையின் மக்கள் வரலாற்றிற் செய்த பாவங்களுக்காக மன்னிப்பு வேண்டினார். வேண்டியது இறைவனிடம். 2015ஆம் ஆண்டிற் பொலிவியாவிலும் 2022ஆம் ஆண்டிற் கனடாவிலும் பிரான்சிஸ் பாப்பரசர் சுதேச மக்களின் முன்னிலையிலேயே மன்னிப்புக் கேட்டார். ஊற்றை நோக்கி மட்டும் திரும்பியிருந்த முகம் பறிகொடுத்தவனை நோக்கியும் திரும்பியமை உண்மையான முன்னேற்றமே. ஆனால் கனடாவின் சுதேச மக்கள் அத்தோடு அமையவில்லை. பிறர் நிலத்தைக் ‘கண்டுபிடித்து’ உரிமை கொள்ளலாம் என்ற பழைய கொள்கையைக் கைவிடுங்கள், எங்கள் பொருட்களையும் எங்கள் பிள்ளைகள் பற்றிய பதிவேடுகளையும் தாருங்கள் என்று கேட்டனர். 2023ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வத்திக்கான் அக்கொள்கையை நிராகரித்தது. லாஸ் காசாஸ் கோரிய நொத்தாரிசுச் சாசனத்தின் முதல் வரி எழுதப்பட்டுள்ளது என்று கொள்ளலாம். எஞ்சிய வரிகள் பல.

கோட்பாடு உயரியதாக இருந்தும், அதன் காவலர் தத்தம் காலத்து உடைமை உறவுகளுக்கு இசையவே மதகைத் திறந்தனர். குலச் சட்டத்தின் காலத்தில் மன்னிப்பு அட்டவணையாயிற்று. நிலமானிய காலத்தில் ஏவலாளரின் நோன்பாயிற்று. வங்கியின் காலத்திற் சீட்டாயிற்று. எனினும் ஒவ்வொரு காலத்திலும் அதே கோட்பாட்டைக் கையிலேந்திக் காவலரைக் கேள்வி கேட்டோரும் தோன்றினர். சிறையிலிருந்த கார்த்தேஜ் வீரர், ஏடுகளைக் கண்டித்த சங்கத்தார், விற்றென்பேர்க் ஆசிரியர், சியாப்பாவின் மேற்றிராணியார் யாவரும் அவ்வரிசையில் நிற்பவரே. கோட்பாட்டைப் புரட்டு என்று தள்ளிவிடுவோர் இப்போராளிகளையும் சேர்த்தே தள்ளிவிடுகின்றனர்.

நம் வகுப்பறைகளில் மதச் சீர்திருத்தம் என்ற பாடத்தைக் கற்பிக்கும்போது, லூதரின் முடிபுரைகளோடு லாஸ் காசாஸின் விதிகளையும் மாணவர் முன் வைப்போமாக. மன்னிப்பை அருள்பவர் யார் என்ற கேள்விக்குச் சமயம் தன் விடையைக் கூறட்டும். பறித்ததைத் திருப்பித் தந்தாயிற்றா என்ற கேள்வியைச் சமயத்தவரும் சமயமில்லாதவரும் ஒருங்கே கேட்கலாம். அதைக் கேட்க எந்தத் திறவுகோலும் வேண்டியதில்லை.